எல்லையும் நீரும்: சித்தூர் – திருப்பதிப் பகுதியில் நிலமேம்பாட்டு இசைவு முறைகளின் வரலாறு

முன்னுரை

ஒரு நிலத்தை அதன் வழக்கமான பயன்பாட்டிலிருந்து வேறொரு பயன்பாட்டிற்கு மாற்ற விரும்புவோர் அதற்குரிய அமைப்பிடம் இசைவு பெறவேண்டும் என்னும் நடைமுறை, இருபதாம் நூற்றாண்டின் நகரமைப்புச் சட்டங்களோடு தோன்றியதாகவே பொதுவாகக் கருதப்படுகிறது. வயலை மனையாக்குவோர் விண்ணப்பம் அளிப்பதும், அதிகாரிகள் ஆவணங்களைச் சரிபார்ப்பதும், இடத்தைப் பார்வையிடுவதும், நிபந்தனைகளுடன் ஒப்புதல் வழங்குவதும் இக்கால ஆட்சிமுறையின் கூறுகளாகவே எண்ணப்படுகின்றன. ஆயினும் தமிழ்ச் செப்பேடுகளும் கல்வெட்டுகளும் இந்நடைமுறைக்கு நீண்டதொரு முன்வரலாறு இருந்ததைக் காட்டுகின்றன. நிலத்தின் வகை மாறும்போது அதனைப் பதிவேட்டில் ஏற்றுவதும், எல்லையை நடந்து காண்பதும், நீருரிமையை வரையறுப்பதும் சோழர் ஆட்சியிலேயே ஒழுங்குபட்ட முறைகளாக அமைந்திருந்தன.

தொல்காப்பியப் பாயிரம் தமிழகத்தின் வடவெல்லையாகச் சுட்டும் வேங்கடத்தையும் அதனைச் சூழ்ந்த சித்தூர்ப் பகுதியையும் களமாகக் கொண்டு, இம்முறைகள் சோழர் காலம் முதல் இன்றுவரை அடைந்த மாற்றங்களை இக்கட்டுரை ஆராய்கிறது. நிலமேம்பாட்டு இசைவில் பதிவேட்டை ஆராய்தல், களத்தை ஆராய்தல் என இரு கூறுகள் உண்டு. முன்னது காலந்தோறும் வலுப்பெற்றுள்ளது. அண்டை ஊராரின் அறிவும் நீரின் வழியும் அடங்கிய பின்னது மெலிந்துள்ளது. அம்மெலிவின் விளைவைத் திருப்பதியின் புறநகர் ஏரிகள் இரண்டின் வரலாறு காட்டுகிறது என்பதே இக்கட்டுரையின் கருத்தாகும்.

செப்பேடு காட்டும் இசைவு நடைமுறை

சோழர் கால நில நடைமுறையை விரிவாகக் கூறும் ஆவணங்களுள் முதலாம் இராசேந்திரனின் திருவாலங்காட்டுச் செப்பேடு தலையாயது. 1905-ஆம் ஆண்டில் கண்டறியப்பட்ட இச்செப்பேடு 31 ஏடுகளைக் கொண்டது. வடமொழிப் பகுதியும் தமிழ்ப் பகுதியும் உடையது. தென்னிந்தியக் கல்வெட்டுகள் மூன்றாம் தொகுதியில் பதிப்பிக்கப்பட்டது. இன்று தமிழ்நாட்டின் திருவள்ளூர் மாவட்டத்தில் உள்ள திருவாலங்காடு, 1960 வரை சித்தூர் மாவட்டத்துத் திருத்தணி வட்டத்தைச் சார்ந்திருந்தது. எனவே இச்செப்பேடு அப்பகுதியின் நில வரலாற்றுக்கும் நேரடிச் சான்றாகும்.

இராசேந்திரனின் ஆறாம் ஆட்சியாண்டில் பழையனூர் என்னும் ஊர் திருவாலங்காட்டு இறைவனுக்கு உரியதாக்கப்பட்டது. பிரமதேயமாக இருந்த ஊரை வெள்ளான்வகைக்கு மாற்றித் தேவதானமாக்கியது அவ்வாணை. இதனை இன்றைய சொல்லில் நிலவகை மாற்றம் எனலாம். அரசன் வாய்மொழியாக இட்ட ஆணை திருமந்திர ஓலை எழுதுவோரால் எழுதப்பட்டது. திருமந்திர ஓலைநாயகத்தின் ஒப்புதலைப் பெற்றது. பின்னர்ப் புரவுவரித் திணைக்களத்திற்குச் சென்றது. நிலவரியைக் கண்காணித்த அத்திணைக்களத்தில் வரிப்பொத்தகம், முகவெட்டி, வரியிலிடு, பட்டோலை எனத் தனித்தனிப் பொறுப்புகள் வகித்தோர் இருந்தனர். அவர்கள் கூடியிருந்து பழைய பதிவை நீக்கிப் புதிய பதிவை வரியில் இட்டனர். ஒருவர் செய்த பதிவை மற்றொருவர் காணும் வகையில் பணிகள் பகுக்கப்பட்டிருந்தமை கருதத்தக்கது.

இவற்றோடு நடைமுறை முற்றுப்பெறவில்லை. அரசனின் திருமுகம் நாட்டாருக்கு அனுப்பப்பட்டது. நாட்டார் அதனை எதிர்கொண்டு வணங்கிப் பெற்று, பிடி எனப்படும் பெண்யானையை நடத்தி ஊரின் எல்லையைச் சுற்றிவந்தனர். சுற்றிய எல்லையில் கல்லும் கள்ளியும் நாட்டினர். அதன்பின்னரே அறவோலை எழுதிக் கையெழுத்திட்டு அளித்தனர். நான்கெல்லைகளையும் கூறுமிடத்து எந்த ஊரின் எல்லை, எந்த வாய்க்கால், எந்த ஏரியின் கரை, எந்த மரம் அல்லது புற்று என அடையாளங்கள் ஒவ்வொன்றாகச் சுட்டப்படுகின்றன. செப்பேட்டின் தமிழ்ப் பகுதியில் இவ்வெல்லைக் கூற்று நீண்டு செல்கிறது.

எல்லையை நடந்து காணும் பொறுப்பு நாட்டாரிடம் விடப்பட்டதன் காரணம் ஆராயத்தக்கது. நாடு என்பது அரசு வகுத்த வெறும் ஆட்சிப்பிரிவன்று. பாசனத்தாலும் வேளாண்மையாலும் பிணைந்த ஊர்களின் தொகுதி என்பதை எ. சுப்பராயலு சோழநாட்டு அரசியல் நிலவியல் குறித்த தம் ஆய்வில் நிறுவியுள்ளார். ஓர் ஊரின் வாய்க்கால் மற்றோர் ஊரின் நிலத்தினூடே வருவதாலும், ஓர் ஏரியின் மிகைநீர் அடுத்த ஏரிக்குச் செல்வதாலும், ஓரூரின் நிலத்தில் நிகழும் மாற்றம் பிற ஊர்களையும் தாக்கும். அதனை அறிந்தோர் அண்டை ஊரார். எனவே அவர்கள் முன்னிலையில், அவர்கள் நடந்து காட்டிய எல்லையின்படியே மாற்றம் உறுதியாயிற்று.

இசைவுடன் இணைந்த நிபந்தனைகள்

ஆனைமங்கலச் செப்பேடு எனப்படும் பெரிய இலெய்டன் செப்பேடு முதலான சோழர் ஆவணங்களில் நிலம் பெறுவோருக்குரிய பரிகாரங்களும் வியவத்தைகளும் வரிசையாகக் கூறப்படுகின்றன. பரிகாரம் என்பது வரிவிலக்கு முதலான சலுகை. வியவத்தை என்பது நிலத்தில் செய்யத்தக்கனவும் தகாதனவும் குறித்த ஏற்பாடு. இவ்வேற்பாடுகளுள் சில இன்றைய கட்டட விதிகளையும் மனைப்பிரிவு நிபந்தனைகளையும் பெரிதும் ஒத்துள்ளன.

சுட்ட செங்கல்லாலும் ஓட்டாலும் மாடமாளிகை எடுத்துக்கொள்ள இசைவு, துரவும் கிணறும் தோண்ட இசைவு, தென்னை முதலிய மரங்களை வைக்க இசைவு ஆகியவை தனித்தனியே கூறப்படுகின்றன. இவை குறிப்பிட்டுக் கூறப்படுவதிலிருந்து, இசைவின்றி இவற்றைச் செய்தல் இயல்பான உரிமையாகக் கொள்ளப்படவில்லை என்பதை உய்த்துணரலாம். ஊருக்கு வரும் நீரை வாய்க்கால் வெட்டிப் பாய்ச்சிக்கொள்ளும் உரிமை வழங்கப்படும் இடத்திலேயே, அவ்வாய்க்காலைப் பிறர் கிளைவெட்டிக் கொண்டுசெல்லுதலும், குறுக்கே அடைத்தலும், சிற்றேற்றமிட்டு இறைத்தலும் விலக்கப்படுகின்றன. நீருரிமையும் கட்டட உரிமையும் நிலவுரிமையும் ஓரே ஆவணத்தில் ஒருங்கே வரையறுக்கப்பட்டன.

இதனைப் பொற்கால நடைமுறையாகக் கொள்ளுதல் வரலாற்றுக்குப் பொருந்தாது. முன்பு நிலம் பெற்றிருந்தோரை நீக்கிய பின்னரே பல கொடைகள் வழங்கப்பட்டன. நீக்கப்பட்டோரின் முறையீடு செப்பேட்டில் இடம்பெறுவதில்லை. நிலத்தில் உழைத்தோர் எல்லை நடக்கும் குழுவில் இடம்பெற்றதற்குச் சான்றில்லை. நாட்டார் என்போர் நிலவுடைமையாளரே. யாவருக்கும் பொதுவான விதி, மேல்முறையீட்டுரிமை ஆகியன இக்காலச் சட்டத்தின் பேறுகள். எனினும் களத்தை ஆராயும் முறையில், சோழர் ஆவணம் விடாது பதிந்த செய்திகள் பலவற்றைப் பிற்காலப் பதிவேடுகள் விட்டுவிட்டன என்பதும் உண்மையாகும்.

திருமலைக் கல்வெட்டுகளில் நிலமேம்பாடு

திருமலை, திருப்பதி, திருச்சானூர் ஆகிய இடங்களின் கல்வெட்டுகள் தேவத்தானத்தாரால் 1931 முதல் தொகுதிகளாக வெளியிடப்பட்டன. சாது சுப்பிரமணிய சாத்திரியார் இப்பணியில் முன்னின்றார். ஆயிரத்திற்கு மேற்பட்ட இக்கல்வெட்டுகளில் பெரும்பாலானவை தமிழில் அமைந்தவை. விசயநகர ஆட்சியிலும் நில, நிதி ஆவணங்கள் பெரிதும் தமிழிலேயே எழுதப்பட்டன.

திருவேங்கடக் கோட்டத்துத் திருக்குடவூர் நாட்டிலிருந்த திருச்சுகனூர், இன்றைய திருச்சானூர் ஆகும். தொடக்ககாலக் கோயில் நிலங்களின் ஆட்சியில் அவ்வூர்ச் சபையார் பங்குபெற்றதைக் கல்வெட்டுகள் காட்டுகின்றன. விசயநகரக் காலத்தில் கோயிற் பொறுப்பு தானத்தார் என்னும் குழுவிடம் இருந்தது. திருப்பதி சீவைணவர், திருச்சுகனூர்ச் சபையார், நம்பிமார், கோயில் கேள்வி சீயர்கள், கோயிற்கணக்கர் ஆகியோர் அக்குழுவில் இடம்பெற்றனர். கோயிற்கணக்குத் திருநின்றவூருடையான் எழுத்து என முடியும் ஆவணங்கள் பலவாகும். கணக்கரின் கையெழுத்தின்றி ஏற்பாடு நிறைவுபெறவில்லை என்பது இதனால் புலனாகிறது.

பதினைந்து, பதினாறாம் நூற்றாண்டுக் கல்வெட்டுகளில் மீண்டும் மீண்டும் வருவதோர் ஏற்பாடு உண்டு. கொடையாளர் ஒருவர் திருப்படையலுக்காக நற்பணம் இவ்வளவு எனத் திருப்பண்டாரத்தில் செலுத்துவார். அப்பணம் திருவிடையாட்ட ஊர்களின் ஏரி, கால்வாய்ப் பணிகளுக்கு இடப்படும். அதனால் பெருகும் விளைச்சலைக் கொண்டு படையல் நடத்தப்படும். பர்ட்டன் சிடெய்ன் 1960-இல் வெளியிட்ட ஆய்வுக்கட்டுரையில், இவ்வேற்பாட்டின் வழி திருப்பதிக் கோயில் அப்பகுதியின் வேளாண் வளர்ச்சிக்கு முதலிடும் நிறுவனமாக விளங்கியதை எடுத்துக்காட்டினார்.

நிலமேம்பாடு என்னும் சொல்லுக்கு அக்காலத்தில் இருந்த பொருள் இதுவாகும். ஏரியைத் தூர்வாருதலும், கால்வாய் வெட்டுதலும், நீரற்ற நிலத்தை நீருள்ளதாக்குதலும் மேம்பாடு எனப்பட்டன. இன்று அதே சொல் வயலை மேடாக்கிச் சாலையிட்டு மனையாக்குதலைக் குறிக்கிறது. முன்னதில் நீர் மேம்பாட்டின் கருவி. பின்னதில் நீர் மேம்பாட்டிற்கு ஏற்படும் இடையூறு. இப்பொருள் மாற்றமே அடுத்து வரும் வரலாற்றின் உட்கிடையாகும்.

சென்னை மாகாணச் சட்டமும் எல்லைப் பிரிவும்

ஆங்கிலேயர் ஆட்சியில் நிலம் அளவை எண்களாகப் பகுக்கப்பட்டது. புலப்படம், அடங்கல், தீர்வைப் பதிவேடு ஆகியன உருவாயின. வரி கொடுக்கும் நிலம் துல்லியமாக அளக்கப்பட்டது. ஏரி, வாய்க்கால், பாதை, மேய்ச்சல் நிலம் முதலியன வரிக்குப் புறம்பானவை என்னும் பொருளில் புறம்போக்கு என வகைப்படுத்தப்பட்டன. ஏரி எங்கிருந்து நீர் பெறுகிறது, மிகைநீர் எங்குச் செல்கிறது என்பன நிலப் பதிவேட்டின் தனித்த பதிவுகளாக இல்லை. வரி நோக்கில் உருவான பதிவேட்டில் நீர் எச்சமாக நின்றது.

1911 ஏப்ரல் முதல் நாளில் வட ஆர்க்காடு, கடப்பை மாவட்டங்களின் பகுதிகளைக் கொண்டு சித்தூர் மாவட்டம் அமைக்கப்பட்டது. திருப்பதி 1886-இலும் சித்தூர் 1917-இலும் நகராட்சிகளாயின. பேட்ரிக் கெடிசு நகரமைப்புக் கண்காட்சியுடன் சென்னைக்கு வந்து, மாகாண நகரங்கள் பலவற்றைப் பார்வையிட்டு அறிக்கைகள் அளித்தார். நகரை அளப்பதற்கு முன் அதனை நடந்து அறியவேண்டும் என்பது அவர் கொள்கை. கோயிற் குளங்களையும் ஏரிகளையும் தூர்க்காமல் சீர்படுத்தவேண்டும் என அவர் வலியுறுத்தினார். இங்கிலாந்தின் 1909-ஆம் ஆண்டுச் சட்டத்தையும் பம்பாயின் 1915-ஆம் ஆண்டுச் சட்டத்தையும் அடுத்து, 1920-இல் சென்னை நகரமைப்புச் சட்டம் இயற்றப்பட்டது. நகராட்சி வகுக்கும் நகரமைப்புத் திட்டத்தின் எல்லைக்குள் நிலத்தை மேம்படுத்த விரும்புவோர் இசைவு பெறவேண்டும் என்பதும், திட்டத்தால் நிலமதிப்பு உயர்ந்தால் அதில் ஒரு பங்கை மேம்பாட்டு வரியாகச் செலுத்தவேண்டும் என்பதும் அச்சட்டத்தின் அடிப்படைகள்.

1953 அக்டோபரில் ஆந்திர மாநிலம் பிரிந்தபோது சித்தூர் மாவட்டம் அதனுடன் இணைந்தது. வடக்கெல்லைப் போராட்டத்திற்குப் பின், படாசுகர் பரிந்துரையின் அடிப்படையில் 1959-இல் எல்லை மாற்றச் சட்டம் நிறைவேறியது. 1960 ஏப்ரல் முதல் நாளில் திருத்தணி வட்டத்தின் பெரும்பகுதி சென்னை மாநிலத்திற்கு வந்தது. சத்தியவேடு ஆந்திரத்திற்குச் சென்றது. இதன்பின் ஒரே சட்டத்தின்கீழ் இருந்த இரு பகுதிகளும் வெவ்வேறு வழிகளில் சென்றன. தமிழ்நாடு 1971-ஆம் ஆண்டின் நகர், ஊரமைப்புச் சட்டத்தால் 1920-ஆம் ஆண்டுச் சட்டத்தைக் கைவிட்டது. சென்னை மாகாணம் இயற்றிய அச்சட்டத்தை ஆந்திரம் தன் பெயரிட்டுத் தொடர்ந்து பயன்படுத்தியது. அதனுடன் 1975-இல் நகர்ப்பகுதி மேம்பாட்டுச் சட்டத்தையும் இயற்றியது. அதன்கீழ் 1980-களின் தொடக்கத்தில் துடா எனச் சுருக்கமாக வழங்கும் திருப்பதி நகர்ப்புற மேம்பாட்டு ஆணையம் தோன்றியது. 2016-இல் புதிய மேம்பாட்டு ஆணையச் சட்டம் வந்தது. 2022 ஏப்ரலில் திருப்பதி தனி மாவட்டமாயிற்று.

எல்லைப் பிரிவின் மற்றொரு விளைவு ஆவண மொழியைப் பற்றியது. திருப்பதியின் பழைய நில ஆவணங்கள் தமிழில் உள்ளன. அந்நிலத்தை இன்று ஆளும் அலுவலகங்களின் மொழி தெலுங்கு. செப்பேட்டைப் படிக்கும் தமிழறிஞர் மனைப்பிரிவு விதிகளைக் காண்பதில்லை. விதிகளைச் செயற்படுத்தும் அலுவலருக்குக் கல்வெட்டு எட்டுவதில்லை.

இக்கால இசைவு ஆய்வு

ஆந்திரத்தில் லேஅவுட் எனப்படும் மனைப்பிரிவு விண்ணப்பம் ஆராயப்படும் முறை 2017-ஆம் ஆண்டின் நிலமேம்பாட்டு விதிகளில் தொகுத்துரைக்கப்பட்டது. விண்ணப்பதாரரின் உரிமை ஆவணங்கள், வில்லங்கச் சான்று, வருவாய்த்துறைப் பதிவுகள் ஆகியன முதலில் சரிபார்க்கப்படும். பெருந்திட்டத்தில் அந்நிலம் குடியிருப்புக்கு உரியதா, வேளாண்மைக்கு உரியதா என்பது அடுத்து ஆராயப்படும். அணுகுசாலையின் அகலம், உட்சாலைகளின் அமைப்பு, வடிகால் ஆகியன வரைபடத்தில் காணப்படும். நகரமைப்பு அலுவலர் இடத்தைப் பார்வையிடுவார். நீர்நிலையை ஒட்டிய நிலமாயின் பாசனத்துறை, வருவாய்த்துறை ஆகியவற்றின் தடையின்மைச் சான்று வேண்டப்படும்.

இவற்றில் நிறைவுற்றால் தற்காலிக ஒப்புதல் வழங்கப்படும். மொத்தப் பரப்பில் 10 விழுக்காடு திறந்தவெளியாக விடப்படவேண்டும். மனைப்பரப்பில் 15 விழுக்காடு ஆணையத்திற்கு அடமானமாக வைக்கப்படவேண்டும் என அவ்விதிகள் வகுத்தன. உரிமையாளர் சாலை, வடிகால், குடிநீர் வசதிகளைச் செய்துமுடித்த பின்னரே இறுதி ஒப்புதல் கிடைக்கும், அடமானமும் விடுவிக்கப்படும். சாலையும் திறந்தவெளியும் பதிவுசெய்யப்பட்ட தானப்பத்திரத்தின் வழி உள்ளாட்சி அமைப்பிற்கு உரியனவாகும். பொதுப் பயனுக்காக நிலத்தைத் தானமாக எழுதிக்கொடுக்கும் இவ்விதியில் அறவோலையின் சாயல் உள்ளமை காணத்தக்கது.

நீர் குறித்த விதிகளும் உள்ளன. 2012-ஆம் ஆண்டின் ஆந்திரக் கட்டட விதிகள், 10 எக்டேரும் அதற்கு மேலும் பரப்புடைய ஏரியின் முழுக்கொள் நீர்மட்ட எல்லையிலிருந்து 30 மீட்டர் தொலைவுக்கும், அதனிற் சிறிய நீர்நிலையாயின் 9 மீட்டர் தொலைவுக்கும் கட்டடம் கூடாது என விதித்தன. இவ்விதியின் பயன் முழுதும் ஒரு முன்நிபந்தனையைச் சார்ந்துள்ளது. ஏரி எது, அதன் எல்லை யாது என்பது பதிவேட்டில் தெளிவாக இருக்கவேண்டும். ஏரி பதிவில் இல்லையாயின், அல்லது பதிவில் இருந்தும் வகைமாற்றம் பெற்றிருப்பின், 30 மீட்டரை எங்கிருந்து அளப்பது என்னும் வினாவிற்கு விடையில்லை.

அண்டை அயலாரின் கருத்தைக் கேட்கும் வாய்ப்பு பெருந்திட்டம் வெளியிடப்படும்போதும், அதில் நிலப்பயன்பாடு மாற்றப்படும்போதும் ஆட்சேபணை கோருதல் என்னும் வடிவில் உள்ளது. தனித்தனி மனைப்பிரிவு விண்ணப்பங்களை ஆராயும்போது கீழுள்ள ஊராரை அழைத்துக் கேட்டல் நடைமுறையின் உயிர்க்கூறாக இல்லை. இங்கிலாந்தில் 1947-ஆம் ஆண்டுச் சட்டத்திற்குப் பின் வளர்ந்த நடைமுறையில், விண்ணப்பத்தை அண்டை வீட்டாருக்கு அறிவித்து அவர்தம் கருத்தைப் பெறுதல் இசைவு ஆய்வின் பகுதியாயிற்று. நாட்டார் எல்லை நடந்த வழக்கத்தோடு இது கொள்கையளவில் ஒத்தது. முறையான இசைவின்றி உருவான மனைப்பிரிவுகளைப் பின்னர்க் கட்டணம் பெற்று வரன்முறைப்படுத்தும் விதிகளை ஆந்திர அரசு 2007-இலும் 2020-இலும் வெளியிட்டது. அவ்வாறு வரன்முறைப்படுத்துமிடத்து, விடப்படாத திறந்தவெளிக்கு ஈடாகப் பணம் பெறலாம். அடைக்கப்பட்ட வாய்க்காலுக்கு ஈடாகப் பணம் எதனையும் செய்வதில்லை.

அவிலாலா, பேரூர் ஏரிகளின் வழக்கு

மேற்கண்ட சிக்கல் அறிவுசீவிகள் மன்றம் என்னும் திருப்பதி அமைப்பு ஆந்திர அரசுக்கு எதிராகத் தொடுத்த வழக்கில் முழுமையாக வெளிப்பட்டது. திருப்பதியின் புறநகரிலுள்ள அவிலாலா, பேரூர் என்னும் இரு ஏரிகளைப் பற்றியது அவ்வழக்கு. பேரூர் ஏரிப்படுகை நிலத்தைத் திருமலை திருப்பதி தேவத்தானத்தின் குடியிருப்புத் தேவைக்கும், அவிலாலா ஏரிப்படுகை நிலத்தை மாநில வீட்டுவசதி வாரியத்திற்கும் 1990-களின் முற்பகுதியில் அரசு ஒதுக்கியது. நிலம் கேட்டவையும் பொது அமைப்புகளே. கேட்ட காரணமும் வீட்டுவசதி என்னும் பொதுத் தேவையே. இதனால் வழக்கு எளிய ஆக்கிரமிப்பு வழக்காக அமையவில்லை. ஒரு பொதுநலன் மற்றொரு பொதுநலனோடு மோதிய வழக்காக அமைந்தது.

ஏரிகள் பயனற்றுப்போயின என்பது அரசுத் தரப்பின் வாதம். அவை கிருட்டிணதேவராயர் காலந்தொட்டு இருப்பவை, நிலத்தடி நீருக்கு ஆதாரமானவை என்பது மன்றத்தின் வாதம். உயர் நீதிமன்றம் வழக்கைத் தள்ளுபடி செய்தது. 2006 பிப்ரவரி 23-இல் உச்ச நீதிமன்றம் அத்தீர்ப்பை மாற்றியது. ஏரி போன்ற இயற்கை வளங்களுக்கு அரசு உரிமையாளன் அன்று, மக்கள் சார்பில் காக்கும் பொறுப்பாளன் என்னும் பொதுப்பொறுப்புக் கோட்பாட்டை நீதிமன்றம் அடிப்படையாகக் கொண்டது. உரோமச் சட்டத்தில் வேர்கொண்டு ஆங்கிலப் பொதுச்சட்டத்தின் வழி வந்த இக்கோட்பாட்டை, கமல்நாத் வழக்கில் உச்ச நீதிமன்றம் முன்பே ஏற்றிருந்தது.

ஆயினும் தீர்ப்பின் ஆணைகள் இழப்பை முழுதும் மீட்கவில்லை. கட்டிமுடிக்கப்பட்ட வீடுகள் நின்றன. இனிக் கட்டடம் கூடாது என்றது நீதிமன்றம். அவிலாலாவில் ஒவ்வொரு வீட்டிலும் கூரைமழைநீர்ச் சேகரிப்பு வேண்டும், ஆழ்துளைக் கிணறு கூடாது என்றது. பேரூரில் போடெத்துல வங்கை என்னும் வரத்துக்கால்வாயைத் தூர்வாரவும், நீர்வரத்தைத் தடுத்த சிற்றணையை நீக்கவும், ஏரிக்கு ஒதுக்கும் பரப்பைக் குறைந்தது 50 ஏக்கராக உயர்த்தவும் ஆணையிட்டது. ஏரியின் வரத்துக்கால்வாயைப் பெயர் சுட்டிக் காக்க ஆணையிட்ட அவ்விடத்தில், நாட்டின் உயர்ந்த நீதிமன்றம் சோழர் செப்பேட்டின் வியவத்தை செய்த பணியையே செய்தது எனலாம். வேறுபாடு காலத்தில் உள்ளது. செப்பேட்டில் நீர்வழி இசைவுக்கு முன் எழுதப்பட்டது. திருப்பதியில் வீடு எழுந்த பின் எழுதப்பட்டது.

ஏரியின் பழமை இவ்வழக்கில் பொதுவானதொரு கூற்றாக நின்றதேயன்றி, ஆவணச் சான்றாக விரித்துரைக்கப்படவில்லை என்பதும் எண்ணத்தக்கது. ஏரிகால்வாய்க்குப் பணமிட்ட செய்திகள் நிறைந்த கல்வெட்டுத் தொகுதிகள் அந்நகரிலேயே வெளியிடப்பட்டுப் பல பத்தாண்டுகள் கடந்திருந்தன.

வறண்ட ஏரி இறந்த ஏரியன்று என்பதை 2021 நவம்பர் பெருமழை உணர்த்தியது. திருப்பதி நகரத் தெருக்கள் வெள்ளத்தில் மூழ்கின. திருமலைக்குச் செல்லும் மலைப்பாதைகள் சேதமுற்றன. விசயநகரக் காலத்ததாகக் கூறப்படும் இராயலசெருவின் கரையில் கசிவு ஏற்பட்டதால் கீழுள்ள ஊர்மக்கள் வெளியேற்றப்பட்டனர். மலையடிவாரத்தில் அமைந்த நகரில் நீர் இறங்கும் வழி பதிவேட்டின் வகைமாற்றத்தால் மாறுவதில்லை.

ஊர்ப்பெயர்ச் சான்று

பதிவேடு மறந்த நீர்நிலையை ஊர்ப்பெயர் பல இடங்களில் நினைவில் வைத்துள்ளது. தமிழில் ஏரி, குட்டை, கால்வாய், மதகு என வழங்குவன தெலுங்கில் முறையே செருவு, குண்ட, காலுவ, தூமு என வழங்குகின்றன. திருப்பதியின் கொர்லகுண்ட இன்று நெருங்கிய குடியிருப்பு. பெயரோ குட்டையைச் சுட்டுகிறது. தும்மலகுண்ட என்பது வேலமரக் குட்டை எனப் பொருள்படும். இத்தகைய பெயர்களைக் கல்வெட்டுப் பெயர்களோடும் அளவைப் புலப்படங்களோடும் ஒப்பிட்டால், மனைப்பிரிவு ஆய்வில் எந்நிலத்தைக் கூடுதல் கவனத்துடன் பார்வையிடவேண்டும் என்பது தெளிவாகும். பெயர் ஒன்றே சட்டச் சான்றாகாது. ஆயின் களஆய்வைத் தூண்டும் முதற்குறிப்பாகும். அவிலாலா, பேரூர் முதலிய புறநகர் ஊர்கள் அனைத்தையும் தேவத்தானக் கல்வெட்டுகளின் சொல்லடைவோடு இவ்வாறு ஒப்பிடுதல் தமிழ்த்துறைகள் மேற்கொள்ளத்தக்க பணியாகும்.

முடிவுரை

மேற்கண்ட ஆய்வால் பின்வருவன பெறப்படுகின்றன.

1. நிலவகை மாற்றத்திற்கு இசைவு வழங்கும் நடைமுறை சோழர் காலத்தில் பதிவேட்டுத் திணைக்களம், நாட்டார் ஆகிய இரு நிலைகளிலும் நிகழ்ந்தது. எல்லை நடத்தல் அதன் இன்றியமையாக் கூறாக இருந்தது.

2. கட்டடம், கிணறு, வாய்க்கால் ஆகியவற்றிற்குரிய உரிமைகளும் தடைகளும் நிலவுரிமை ஆவணத்திலேயே ஒருங்கே எழுதப்பட்டன.

3. விசயநகரக் காலத் திருப்பதியில் நிலமேம்பாடு என்பது ஏரி, கால்வாய்ப் பணியையே குறித்தது. இன்று அது மனையாக்கத்தைக் குறிக்கிறது.

4. வரி நோக்கில் அமைந்த அளவைப் பதிவேடும், அதன்மேல் எழுந்த 1920-ஆம் ஆண்டுச் சட்டமும் பின்வந்த விதிகளும் ஆவண ஆய்வை வளர்த்தன. நீர்வழி பற்றிய அறிவு அவற்றில் போதிய இடம்பெறவில்லை.

5. அவிலாலா, பேரூர் வழக்கின் தீர்ப்பு அரசைப் பொறுப்பாளனாக்கியது. ஆயினும் இசைவு வழங்கும் முன்பே நீர்வழியை ஆராயும் முறை வலுப்பெறாதவரை அப்பொறுப்பு காலந்தாழ்ந்தே நிறைவேறும்.

கல்வெட்டுகளில் அரசர் வரிசையையும் மெய்க்கீர்த்தியையும் ஆராய்ந்த அளவிற்கு எல்லைக் கூற்றுகள் ஆராயப்படவில்லை. நீண்டும் ஒரேபடித்தாயும் தோன்றுவதால் அப்பகுதியைச் சுருக்கிச் செல்வதே பதிப்புகளின் வழக்கமாயிற்று. அச்சுருக்கத்தில் மறைந்த வாய்க்காலும் ஏரிக்கரையும் இன்று ஒரு குடியிருப்பின் பாதுகாப்போடு தொடர்புடையன. எல்லைக் கூற்றுகளைத் தொகுத்து, தமிழ் – தெலுங்கு நீரியற் சொல்லடைவுடன் வெளியிட்டு, திருப்பதி, சித்தூர் நகரமைப்பு அலுவலகங்களுக்கு எட்டச்செய்தல் உடனடித் தேவையாகும். பிடியானையை மீண்டும் நடத்த இயலாது. அது நடந்த எல்லையைப் படித்துக்காட்ட இயலும். அப்பணி தமிழாய்வாளர்க்கு உரியது.